புகை பார்க்க ஒரு ஆள்

"டிரைவரே, ஏறுங்க" என்று வனராஜ் கூப்பிட்டதும் சுருளிவேல் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் தெரிந்தது, கூப்பிட்டது அவரை இல்லை. அவர் பெண்டாட்டி பவுன்தாய் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவரை உரசாத குறையாகக் கடந்துபோய், சரக்கு வண்டியின் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். இப்போது வைத்த காலை என்ன செய்வது? பின்னால் எடுத்தால் பார்க்கிறவன் சிரிப்பான். ஆகவே சுருளிவேல் அந்த எட்டோடு இன்னும் ரெண்டு எட்டைச் சேர்த்து, முன் டயர் வரைக்கும் போய், அதை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார், காற்று பார்க்கத்தான் வந்தவர் மாதிரி. "காத்தெல்லாம் இருக்குண்ணே, நேத்தே பாத்துட்டேன்" என்றான் வனராஜ். ஒர்க்ஷாப்காரன், முப்பது, முப்பத்திரண்டு இருக்கும், காதோரம் எப்போதும் ஒரு கிரீஸ் தீற்றல், அதையும் அழகுக்கு வைத்துக்கொண்டவன்போல இருப்பான். "நீங்க பின்னாடி மூட்டை மேல உக்காந்துக்கங்கண்ணே. வண்டிக்கு எங்க மூச்சு முட்டுதோ அங்க சைலன்சர்ல என்ன புகை வருதுன்னு பாத்துச் சொல்லணும். கருப்புன்னா கேபின் மேல ஒரு தட்டு. வெள்ளைன்னா ரெண்டு தட்டு." "அப்ப நீ?" "நான் டிரைவருக்குப் பக்கத்துல இருந்து இஞ்சின் சத்தத்தக் கேக்கணும்ல." கேக்கணும்ல. ஆமாம், யாராவது கேட்கத்தானே வேண்டும். சுருளிவேல் பின்கதவுக் கொக்கியில் கால் வைத்து ஏறினார். ஏறும்போது முழங்கால் சொடுக்கிட்டது, அந்தச் சத்தத்தை யாரும் கேட்கவில்லை.

ரெண்டு வாரமாக வண்டிக்கு இழுவை இல்லை. சமதரையில் குதிரை மாதிரி போகும். போடியைத் தாண்டி முந்தலில் மலை ஏறத் தொடங்கினாலும் முதல் சில வளைவுகளை வஞ்சகம் இல்லாமல் ஏறிவிடும். அதற்கு மேல், மாடிப்படி ஏறிய ஆஸ்துமாக்காரன் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, எவ்வளவு மிதித்தாலும் வேகம் விழுந்துகொண்டே வந்து, கடைசியில் நின்றுவிடும். ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் ஆறப்போட்டால் தானாகச் சரியாகும். மறுபடி நாலு வளைவு. மறுபடி நெஞ்சைப் பிடிக்கும். மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆட்டு உரம் கொண்டுபோகிற வண்டி மலை ஏறாவிட்டால் அது வண்டியா, கோழிக் கூண்டா? வனராஜ் டீசல் பில்டரை மாற்றினான், ஏர் பில்டரை மாற்றினான், ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். மிஷின் ஒரு கோளாறும் இல்லை என்றது. சுருளிவேலிடம் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் அவர் சொன்னார்: "கிளச்சு மேலயே காலை வச்சு ஓட்டுறா. பொம்பளை ஓட்டுனா வண்டி அப்படித்தான் படுக்கும்." பவுன்தாய் வனராஜைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு ரெண்டு பேரும் பானெட்டைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அந்த 'பார்த்தார்கள்' மூன்று நாளாக சுருளிவேலின் தொண்டையில் கருவாட்டு முள்போல நிற்கிறது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை.

வண்டி கிளம்பிவிட்டது. காலை வெயிலுக்கு மூட்டைகள் சூடேறி ஆட்டுப் புழுக்கை வாடை கிளம்பியது. கெட்ட வாடை என்று சொல்ல முடியாது, பழகினால் புளித்த மாவு மாதிரிதான். அவர் கேபின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி, அதற்குள்ளே ரெண்டு தலை. இவன் என்னை அண்ணே என்கிறான், சரி. அப்படியானால் இவள் இவனுக்கு மதினி. மதினியிடம் கேலி பேசலாம், ஊரே பார்க்கக் கிண்டல் பண்ணலாம், அதில் ஒளிவுமறைவு இல்லை. இல்லை, அவளை அக்கா என்கிறானா, அதுவும் சரி. அப்போது நான் மாமா ஆகிவிடுவேன், ரெண்டு அதட்டு அதட்டலாம். முறை என்று ஒன்று இருந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். இவன் ரெண்டும் இல்லாமல் டிரைவரே என்கிறான். டிரைவர் என்ன முறை? டிரைவர் யாருக்குப் பெண்டாட்டி? அது போக, அந்தப் பேர் யாருடையது? இருபது வருசமாக இந்த ரோட்டில் டீக்கடை, பஞ்சர் கடை, செக்போஸ்ட் எல்லாம் 'டிரைவரே' என்றால் திரும்பிய கழுத்து இந்தக் கழுத்து. கல்யாணப் பத்திரிகையிலேயே 'டிரைவர் சுருளிவேல்' என்றுதான் போட்டது. இப்போது டீக்கடையில் 'பவுன்தாய் வீட்டுக்காரர் வந்திருக்காக, ஒரு டீ' என்கிறார்கள். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, இடது கண்ணுக்கு நடுவில் ஒரு கருப்புப் பொட்டு விழுந்து, கண் டாக்டர் 'இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க' என்று சொன்ன அன்றைக்கு, அவர் சாவியைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் சாவி பவுன்தாய் கையில். அவள் கேட்டுக்கூட எடுக்கவில்லை. எடுத்தாள். அவர்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், அதுவும் உண்மை. சந்தைப்பேட்டை மைதானத்தில், அவள் கையின் மேல் தன் கையை வைத்துக் கியர் போட்டபோது அவள் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது, கியர் ராடு கிரீச்சென்றது, இவர் 'ச்சு' என்றார். அவள் எதைச் செய்தாலும் அவருக்கு அந்த 'ச்சு' வந்துவிடும், தும்மல் மாதிரி, அடக்க முடியாது. பிறகு ஒரு நாள் 'நீங்க வீட்ல இருங்க, நான் போய்ட்டு வந்துர்றேன்' என்றாள். வீட்டில் இருங்க.

முதல் வளைவு வந்தது. சுருளிவேலின் வலது கால் மூட்டை மேல் தானாக அழுத்தியது, இடது கால் கிளச்சைத் தேடியது, 'இப்ப, இப்ப, செகண்டுக்கு வா' என்று வாய் முணுமுணுத்தது, அவர் முணுமுணுத்து முடிப்பதற்குள் அவள் செகண்டுக்கு வந்து, ஆரன் அடித்து, எதிரே இறங்கிய பஸ்ஸுக்கு ஒதுங்கி, மூட்டை ஒன்றுகூட அசையாமல் வளைத்து ஏற்றிவிட்டாள். ச்சு என்று சொல்ல வாய் குவிந்தது, சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ரெண்டாவது வளைவும் அப்படியே. கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு இப்படி வளைக்க அவருக்கு ஆறு வருசம் பிடித்தது. இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மைதானத்தில் இதெல்லாம் கிடையாதே. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, ச்சு சொல்லாமல், 'இப்ப ஒடிங்க, இப்ப விடுங்க டிரைவரே' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். இடது கண்ணின் பொட்டு சரியாக வனராஜின் முகத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. தலையைச் சாய்த்தால் பொட்டு அவள் மேல். எப்படிப் பார்த்தாலும் ரெண்டு பேரில் ஒரு ஆளுக்குத்தான் முகம் இருந்தது. வாய் அசைகிறது. பேசுகிறார்கள். இஞ்சின் சத்தத்தைக் கேட்கத்தானே உட்கார்ந்தான், பேசினால் எப்படிக் கேட்கும்? அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா? ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கினாலும் தோள் அப்படித்தான் குலுங்கும். ஆனால் ரோட்டில் பள்ளம் இல்லை. அவருக்கு மூட்டை வழியாகத் தெரியுமே, பள்ளம் இருந்தால் முதலில் அவருடைய எலும்புக்குத்தானே தெரியும். வீட்டில் அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று நினைத்துப் பார்த்தார். அண்டாவுக்குள் பூனை விழுந்த அன்றைக்கு. அதற்கும் முன்னால்? ஞாபகம் வரவில்லை. பூனைக்குச் சிரித்தாள், இவனுக்குச் சிரிக்கிறாள். பைக்கில் வந்த ரெண்டு பையன்கள் வண்டியை முந்திக்கொண்டு போனார்கள்; அதில் ஒருவன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, கூலியாள் என்று நினைத்து, 'ஏ பெருசு, கெட்டியாப் பிடி' என்று கத்திவிட்டுப் போனான்.

மூன்றாவது வளைவில் கை தானாக இடுப்புக்குப் போனது. அரைஞாண் கயிற்றில் ஒரு சின்னச் சாவி, வண்டிச் சாவி இல்லை. இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் தேவாரம் ஊருக்குப் போய் வந்தேன் என்று சொன்ன நாளில், வண்டியின் மீட்டர் தேவாரம் போய்வருகிற தூரத்துக்கு மேல் ஓடியிருந்தது. மறுநாளும் ஓடியிருந்தது. அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒன்று சொல்வாள், அந்த ஒன்றை நம்ப வேண்டும், இல்லை நம்பாமல் இருக்க வேண்டும், ரெண்டுக்கும் நெஞ்சில் தெம்பு வேண்டும். அதற்குப் பதிலாக அடுத்த வாரம் கடைத்தெருவுக்குப் போய் டீசல் டேங்குக்குப் பூட்டுப் போட்ட மூடி ஒன்று வாங்கிவந்தார். பழைய மூடியைக் கழற்றிப் பரணில் போட்டார். டீசல் ஊற்ற வேண்டுமானால் அவள் அவரிடம்தான் சாவி கேட்க வேண்டும். எவ்வளவு ஊற்றினாள் என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் போனாள் என்று தெரியும். 'ரோட்டுல டீசல் திருடுறானுக' என்று அவளிடம் சொன்னார். 'அப்படியா' என்றாள். அந்த 'அப்படியா'வை அவர் எத்தனையோ முறை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டார். ஒன்றும் தெரியாதவளின் அப்படியாவா, எல்லாம் தெரிந்தவளின் அப்படியாவா? எல்லாம் தெரிந்தும் சும்மா இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? போகிறவள் சண்டை போட மாட்டாள். இருக்கிறவள்தான் சண்டை போடுவாள். கல்யாணமான புதிதில் மீன் குழம்புக்கு, சீட்டு விளையாடியதற்கு, வேட்டியில் சுண்ணாம்பு பட்டதற்கு எல்லாம் எப்படி ஏசுவாள், தெருவே எட்டிப் பார்க்கும்படி! இப்போது ஏசுவதே இல்லையே. ஐயோ, இவள் ஏசுவதை நிறுத்தி எவ்வளவு நாளாயிற்று? ராத்திரியானால் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறோமே, காலையில் அந்தப் பாய் வெறும் பாயாகச் சுருட்டி வைத்திருந்தால், டீக்கடையில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் நம்மை?

வண்டி தளர்வது முதலில் மூட்டைக்குத்தான் தெரிந்தது. கீழே அடித்துக்கொண்டிருந்த அதிர்வு மெலிந்தது. அவள் கியரை இறக்கினாள், இஞ்சின் ஒரு தரம் உறுமி, உறுமலை முடிக்காமல் விழுங்கியது. இன்னொரு கியர். நடக்கிற ஆள் முந்திவிடுகிற வேகம். உள்ளே அவள் வனராஜ் பக்கம் திரும்பினாள், அவன் அவள் பக்கம் குனிந்தான், என்ன சொல்கிறான், இவ்வளவு பக்கத்தில் போய் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது, அவன் கை அவள் கால்மாட்டுப் பக்கம் எதையோ காட்டுகிறது, சுருளிவேல் கண்ணாடியில் நெற்றி இடிக்கக் குனிந்தார், வண்டி ஒரு வெட்டு வெட்டி நின்றேவிட்டது. அப்போதுதான் புகை ஞாபகம் வந்தது. அவர் புகையைப் பார்க்கவே இல்லை. ஒரு தரம்கூட. அவசரமாகப் பக்கப் பலகைக்கு மேல் எட்டிப் பார்த்தார்; ரோடு, கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் பள்ளம். புகை பார்க்கக்கூட லாயக்கில்லையா நான்? கை தானாக எழுந்து கேபின் மேல் ஒரு தட்டு தட்டியது. கருப்பு.

"கருப்பாண்ணே?" வனராஜ் இறங்கி வந்து கேட்டான். "தார் மாதிரி" என்றார் சுருளிவேல். "அப்படின்னா டர்போ பக்கம் காத்து லீக்கா இருக்கணும்" என்று அவன் பானெட்டைத் திறந்து, சூட்டில் கையை விட்டு, ஒவ்வொரு ரப்பர்க் குழாயாகத் தடவி, கிளாம்பைத் திருகி, விரலைச் சுட்டுக்கொண்டு உதறினான். பவுன்தாய் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் அவன் தடவுவதைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "புகையே வரலையே. நான் சைடு கண்ணாடில பாத்துக்கிட்டேதான் வந்தேன். கருப்பும் இல்ல வெள்ளையும் இல்ல." மலைக்காற்று அந்த நேரம் பார்த்து நின்றுபோயிற்று. வனராஜ் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து சுருளிவேலைப் பார்த்தான். பார்த்தவன் சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டான். திட்டினால் தேவலை. "வெயில்ல அப்படித் தெரிஞ்சிருக்கும்ணே" என்றான். அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அது சுருளிவேலின் உச்சந்தலையில் உரம் மூட்டை மாதிரி இறங்கியது. கண் தெரியாதவன் என்று சொல்லாமல் சொல்கிறான், அவளுக்கு முன்னாலேயே. "புகை இல்லாம படுக்குதுன்னா இஞ்சினுக்குச் சாப்பாடு போகல" என்று வனராஜ் பேசிக்கொண்டே பில்டர் பக்கம் கையை விட்டு, டீசல் ஏற்றுகிற ரப்பர்க் குமிழை அமுக்கினான். அது அவன் அமுக்குவதற்கு முன்பே வற்றிய மாங்கொட்டை மாதிரி ஒட்டிக்கிடந்தது. அவன் முகம் மாறியது. "டிரைவரே, டேங்க் மூடியத் தொறங்க." "சாவி என்கிட்ட இல்ல" என்றாள் பவுன்தாய். "அவுககிட்ட இருக்கு."

அவர் வேட்டியை நெகிழ்த்தி அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீசல் மூடியின் சாவியை இடுப்புக் கொடியில் கட்டிக்கொண்டு திரிகிறவன் எப்படிப்பட்டவன் என்று வனராஜ் மனதுக்குள் கணக்குப் போடுவது அவருக்குக் கேட்டது, ரோட்டில் காசு விழுந்த மாதிரி கேட்டது. பூட்டில் சாவி திரும்பியது, மூடியை அரைத் திருகல் திருகியதும், டேங்க் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தது. உஸ்ஸ்ஸ் என்று, தண்ணிக்குள் முங்கி வெகுநேரம் கழித்து மேலே வந்தவன் இழுக்கிற மாதிரி, இழுத்து இழுத்து, முடியவே மாட்டேன் என்கிற மாதிரி. தகர டேங்க் உள்ளுக்குள் 'டொம்' என்று நிமிர்ந்தது. மூன்று பேரும் அசையாமல் நின்று அதைக் கேட்டார்கள். வனராஜ் மூடியை வாங்கித் திருப்பி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். "இதுல காத்தோட்டையே இல்லையே. டீசல் கொறையக் கொறைய உள்ள காத்துப் போகணும்ல? போகலைன்னா டேங்க் டீசலக் கெட்டியாப் பிடிச்சுக்கிரும், இஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் விடாது. இது யாரு மாட்டுனது?" சுருளிவேலுக்குத் தெரியாத விஷயமா இது? இருபது வருச டிரைவர். மூடியை ஒரு தரம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். வாங்கின அன்றைக்கு அவர் கண்ணில் பூட்டு மட்டும்தான் பட்டது. இதோ சொல்லப் போகிறாள். 'இந்த மனுசன்தான்' என்று சொல்வாள், அவனிடம் சொல்வாள், அவன் அண்ணே என்று கூப்பிடுகிற அந்த வாயால் இனி ஒர்க்ஷாப்பில் கதை சொல்வான்.

"நாந்தான் வாங்கி மாட்டச் சொன்னேன்" என்றாள் பவுன்தாய். "ராத்திரி வண்டி நிக்கிற எடத்துல டீசல் களவு போகுதுன்னு. சாவிய நான் எங்கயாச்சும் தொலைச்சுருவேன், நீங்களே வச்சுக்கிடுங்கன்னு அவுககிட்ட குடுத்து வச்சேன்." கண் இமைக்கவில்லை. வளைவில் கியர் மாற்றுகிற மாதிரி, ஒரு உதறல் இல்லாமல் சொன்னாள். வனராஜ் தலையாட்டினான், நம்பினானோ இல்லையோ, நம்பிய மாதிரி ஆட்டினான். "டிரைவரே, நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள், அவருடைய முட்டாள்தனத்தைத் தன்னுடையதாக வாங்கிக்கொண்டு, அவன் முன்னால் நின்று சிரித்தாள். அவன் மூடியின் நடுவில் ஆணி வைத்துத் தட்டி ஓட்டை போட்டு, தான் மேலே வரைக்கும் வர வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லி, கீழே இறங்கிய பால் வண்டிக்குக் கை காட்டி ஏறிப் போய்விட்டான். போகும்போது "வரேண்ணே" என்றான். சுருளிவேல் கையை ஆட்டினார். அவன் போனது நிம்மதியாக இல்லை. அவன் இருக்கும்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இப்போது அவளைப் பார்க்க வேண்டும்.

"முன்னாடி வாங்க" என்றாள். வந்து உட்கார்ந்தார். சீட்டில் அவன் உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது, அதில் உட்காரப் பிடிக்காமல் கொஞ்சம் நகர்ந்து முன்னால் தள்ளி உட்கார்ந்தார். வண்டி இழுத்தது. என்ன இழுவை! ஒரு வளைவு, ரெண்டு வளைவு, மூட்டை இருக்கிறதா என்று சந்தேகம் வருகிற இழுவை. ஏசுவாள், அடுத்த வளைவு தாண்டியதும் ஏசுவாள் என்று காத்திருந்தார். ஏசிவிடு தாயே, வாயில் வந்ததைச் சொல்லு, அந்தப் பழைய ஏச்சில் பாதி போதும். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் தாங்க முடியவில்லை. "இந்த வளைவெல்லாம்... யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. "யாரு சொல்லிக் குடுப்பா? வெறும் வண்டிய ஏத்தி ஏத்தி எறக்கி நானாப் பழகுனேன். நீங்க பக்கத்துல இருந்தா ச்சுங்கிறீகள்ல, கை நடுங்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள். மீட்டரில் கூடுதலாக ஓடிய தூரமெல்லாம் இந்த மலையில் ஏறி இறங்கி ஏறி இறங்கி அவர் நெஞ்சுக்குள் வந்து நின்றது. அவர் உடம்பைத் திருப்பி, சீட்டின் விளிம்புக்கு வந்து, அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்க முன்னால் சாய்ந்தார். எங்கேயாவது ஒரு சுருக்கம், ஒரு கோபம், இருக்கிறவளின் கோபம், தெரிகிறதா என்று தேடினார். பொட்டு வந்து மறைத்தது. தலையைச் சாய்த்துத் தேடினார்.

"பின்னாடி சாஞ்சு உக்காருங்க" என்றாள் பவுன்தாய், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இடது கண்ணாடிய மறைக்கிறீக. எனக்குத் தெரியல."

சுருளிவேல் சாய்ந்துகொண்டார். முதுகு முழுக்க சீட்டில் படுகிற வரைக்கும் சாய்ந்து, தலையையும் பின்னால் வைத்து, இன்னும் மறைக்கிறோமோ என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் ஒரு தரம் கண்ணாடியைப் பார்த்தாள், ஆரன் அடித்தாள், அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கை ஒடித்தாள்.